பார்வையைப் பரிசோதித்த பஸராவின் அறிஞர்: இப்னுல் ஹைதம்

மார்கழி மாதத்தில் ஃபஜ்ருத் தொழுகைக்காகக் கீழ்வேளூர்ப் பக்கம் வீட்டை விட்டு இறங்கியவர்களுக்கு அந்தப் பனிமூட்டம் நன்றாகத் தெரியும். வயலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இருக்காது. திருவாரூர் - நாகப்பட்டினம் சாலையில் எதிரே வரும் வண்டி முதலில் ஒரு மஞ்சள் பொட்டாகத்தான் தெரியும். அது லாரியா, பேருந்தா, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதெல்லாம் அருகே வந்த பிறகுதான் புரியும். விளக்கில்லாத சைக்கிளில் வருகிறவர் அதுவரை கண்ணில் படவே மாட்டார். நம் கண்ணுக்கே இந்த நிலை என்றால், சாலையோரக் கம்பத்தில் மாட்டியிருக்கும் கேமராவுக்கு எப்படி இருக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் வேலை நடக்கிறது. கேமரா எடுத்த படத்தைக் கணினியே பார்த்து, இது மனிதன், இது மாடு, இது வண்டி என்று அறிந்துகொள்வதைக் கணினிப் பார்வை என்கிறார்கள். அந்தப் பார்வை பகலிலும் இரவிலும், மழையிலும் பனியிலும், புகையிலும் தூசியிலும் தவறக்கூடாது. அதே நேரம் மின்சாரத்தையும் அதிகம் விழுங்கக்கூடாது. ஒரு சிறிய பேட்டரியிலோ சிறிய சூரியத் தகட்டிலோ நாள் முழுக்க ஓட வேண்டும். அதற்கேற்ற புதிய பொருட்களைத் தேடி எடுத்து, அடுக்கி, சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் டெல்டாப் பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளும் இந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள்.

இந்தத் துறைக்கு அடிப்படையான கேள்வி மிகப் பழையது. ஒரு பொருளைச் சரியாகப் பார்ப்பதற்கு என்னென்ன வேண்டும்? அவற்றில் எது குறைந்தால் பார்வை தவறும்? இதை ஒழுங்காகக் கேட்டு, ஒவ்வொன்றையும் பரிசோதித்து எழுதி வைத்தவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு முஸ்லிம் அறிஞர். அவர்தான் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்கள். ஐரோப்பியர்கள் அவரை அல்ஹஸென் என்று அழைத்தார்கள். அவருடைய வாழ்க்கையை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அவர் பெரிய அறிஞர் என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. தம் வாழ்நாளின் மிகப் பெரிய தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவு அவருக்கு இருந்தது என்பதும் ஒரு காரணம்.

பஸராவில் ஒரு மாணவர்

இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354-ஐ ஒட்டி, அதாவது கி.பி. 965 வாக்கில், இராக்கின் பஸரா நகரில் பிறந்தார். பஸரா ஒரு துறைமுக நகரம். பேரீச்சந்தோப்புகளும் வாய்க்கால்களும் நிறைந்த ஆற்று முகத்துவாரப் பூமி. யூஃப்ரடீஸ், டைக்ரிஸ் ஆகிய இரண்டு நதிகளும் கலந்து கடலுக்குப் போகும் பகுதி அது. காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு அந்த ஊரின் சூழலை எளிதாகவே கற்பனை செய்ய முடியும்.

அவர் வாழ்ந்த காலத்தில்தான் இங்கே தஞ்சையில் முதலாம் ராஜராஜனும், பின்னர் முதலாம் ராஜேந்திரனும் ஆட்சி செய்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்த 1010-ஆம் ஆண்டில் இப்னுல் ஹைதமுக்கு 45 வயது இருக்கும்.

அக்காலத்தில் கிரேக்க அறிஞர்களின் நூல்கள் அரபு மொழிக்கு வந்துவிட்டன. யூக்ளிடின் வடிவியல், தாலமியின் வானவியல், அரிஸ்டாட்டிலின் தத்துவம் எல்லாவற்றையும் இப்னுல் ஹைதம் ஆழமாகப் படித்தார். படித்தவற்றைத் தம் சொந்த நடையில் சுருக்கியும் விளக்கியும் எழுதினார். அவர் பெயரில் 90-க்கும் மேற்பட்ட நூல்களும் சிறு ஏடுகளும் பட்டியலிடப்பட்டுள்ளன. கணிதம், வானவியல், ஒளியியல் என்று அவை விரிகின்றன. கிப்லாவின் திசையைக் கணக்கிட்டு அறியும் முறை பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

நைல் நதியில் ஒரு தோல்வி

அவருடைய வாழ்க்கையின் திருப்பம் ஒரு நதியில் ஏற்பட்டது. இந்த வரலாற்றை, அவர் மறைந்து சுமார் 200 ஆண்டுகளுக்குப் பிறகு, இப்னுல் கிஃப்தி என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

எகிப்தில் நைல் நதி ஆண்டுதோறும் பெருகும். அளவாகப் பெருகினால் விளைச்சல், அதிகமானால் அழிவு, குறைந்தால் பஞ்சம். மேட்டூர் திறக்கிற நாளை எண்ணிக்கொண்டிருக்கும் நம் விவசாயிகளுக்கு இந்தக் கவலையைச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையில்லை. தாம் எகிப்தில் இருந்தால், பெருகும் காலத்திலும் குறையும் காலத்திலும் பயன்படும்படி நைலின் நீரை ஒழுங்குபடுத்திக் காட்ட முடியும் என்று இப்னுல் ஹைதம் பேசியதாகத் தெரிகிறது. அந்தப் பேச்சு கெய்ரோவில் ஆண்டுகொண்டிருந்த ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்ஹாகிமின் காதுக்குப் போயிற்று. அவர் பணமும் அழைப்பும் அனுப்பினார். இப்னுல் ஹைதம் கெய்ரோவுக்கு வந்தபோது அல்ஹாகிமே ஊர் எல்லைக்கு வெளியே வந்து வரவேற்றதாக வரலாறு சொல்கிறது.

வேலையாட்களோடும் கைவினைஞர்களோடும் அவர் நைலின் கரையோரமாகத் தெற்கே போனார். வழியெல்லாம் பழைய எகிப்தியர்கள் எழுப்பிய பிரம்மாண்டமான கட்டடங்கள். அவற்றின் அளவும் நுணுக்கமும் கணிதம் தெரிந்த அவரைத் திகைக்க வைத்தன. இத்தனை திறமை படைத்தவர்கள் இதே நதியின் கரையில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். நதியைக் கட்டிப்போட முடிந்திருந்தால் அவர்களே செய்திருக்க மாட்டார்களா என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. அஸ்வான் அருகே, நதி உயரத்திலிருந்து இறங்கும் ஜனாதில் என்ற இடத்தை அடைந்து, இரு கரைகளையும் சோதித்துப் பார்த்தார். தம் திட்டம் நடக்காது என்று தெரிந்துவிட்டது.

அவர் நினைத்திருந்தால் வேலையைத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்திருக்கலாம். பழியை வேலையாட்கள் மீது போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், திரும்பி வந்து தாம் தவறாகக் கணித்துவிட்டதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். அஸ்வானில் முதல் அணை 1902-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. பெரிய அணை 1970-இல் முடிந்தது. அவர் நின்று பார்த்த அதே பகுதியில் அந்த வேலை நிறைவேற இன்னும் ஒன்பது நூற்றாண்டுகள் ஆகவேண்டியிருந்தது.

புத்தி பேதலித்தவராக நடித்த ஆண்டுகள்

அல்ஹாகிம் அவரைத் தண்டிக்கவில்லை. அரசு அலுவலகத்தில் ஒரு வேலை கொடுத்தார். ஆனால் அந்த ஆட்சியாளரின் மனநிலையை யாராலும் கணிக்க முடியாது. 1005-இல் கெய்ரோவில் தாருல் இல்ம் என்ற பெரிய கல்விக்கூடத்தையும் நூலகத்தையும் திறந்தவரும் அவரே. சிறு காரணங்களுக்காகத் தம் அதிகாரிகளின் உயிரைப் பறித்தவரும் அவரே. மக்கள் விரும்பிச் சாப்பிட்ட ஒரு கீரை வகைக்கே தடை விதித்தவர்.

இன்று வேலை, நாளை தலை என்ற நிலையில் இப்னுல் ஹைதம் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். புத்தி பேதலித்தவர் போல நடிக்கத் தொடங்கினார். அவருடைய சொத்துகள் வேறொருவர் பொறுப்பில் விடப்பட்டன. அவர் ஒரு வீட்டுக்குள் அடைக்கப்பட்டார். 1021-இல் (ஹிஜ்ரி 411) ஓர் இரவு முகத்தம் மலைப் பக்கம் போன அல்ஹாகிம் திரும்பி வரவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பது உறுதியான பிறகே இப்னுல் ஹைதம் தாம் நல்ல புத்தியோடுதான் இருக்கிறார் என்று வெளியே காட்டிக்கொண்டார். அவருடைய சொத்தும் திரும்பக் கிடைத்தது.

புகழ்பெற்ற அவருடைய ஒளியியல் நூல் முழுவதும் அந்த வீட்டுக்காவலில் எழுதப்பட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்க அழகான கதைதான். ஆனால் அவருடைய நூல்களின் கால வரிசையை ஆராய்ந்து, அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பேராசிரியர் அப்துல் ஹமீத் ஸப்ரா, அது 1028-க்கும் 1038-க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டது என்று கணித்தார். அப்படிப் பார்த்தால் அவர் விடுதலையான பிறகு, 60 வயதைத் தாண்டிய காலத்தில் எழுதியது அது.

அந்தக் காலத்தில் அவர் அல்அஸ்ஹர் பள்ளிவாசல் அருகே ஒரு சிறு குப்பா அறையில் வாழ்ந்தார். அரசவைப் பதவிகளை நாடிப் போகவில்லை. யூக்ளிட், தாலமி போன்றோரின் நூல்களைக் கையால் பிரதியெடுத்து விற்றார். ஆண்டுக்கு 150 எகிப்திய தீனார் கிடைக்கும். அதைக் கொண்டு அந்த ஆண்டு முழுவதும் வாழ்வார். அவர் கையெழுத்தில் ஹிஜ்ரி 415-இல் பிரதியெடுக்கப்பட்ட ஒரு கிரேக்க வடிவியல் நூல் இன்றும் இஸ்தான்புல்லில் பாதுகாக்கப்படுகிறது.

இருட்டறையும் விளக்குகளும்

அந்த நூலின் பெயர் கிதாபுல் மனாழிர். ஏழு பாகங்கள் கொண்டது. அவருக்கு முன் பார்வையைப் பற்றி இரண்டு கருத்துகள் இருந்தன. கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்றார்கள் யூக்ளிடும் தாலமியும். முஸ்லிம் அறிஞர் அல்கிந்தியும் அந்தப் பக்கமே நின்றார். பொருளின் வடிவம்தான் கண்ணுக்கு வருகிறது என்றார்கள் அரிஸ்டாட்டிலின் வழி வந்தவர்கள்.

இப்னுல் ஹைதம் பெரியவர்களின் பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. சூரியனை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கிறது. பிரகாசமான ஒன்றைப் பார்த்துவிட்டு இருட்டுக்குத் திரும்பினால் அதன் சாயல் சிறிது நேரம் கண்ணில் நிற்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுக்குள் வந்து அதைப் பாதிக்கிறது. அது ஒளிதான். ஒளிபடும் ஒவ்வொரு பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி நேர்கோட்டில் புறப்படுகிறது; அதில் கண்ணை வந்து சேர்வதைக் கொண்டுதான் நாம் பார்க்கிறோம் என்று அவர் நிறுவினார்.

இதற்காக அவர் செய்த சோதனைகளில் ஒன்றை நம் வீட்டுப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். ஓர் அறையை முழு இருட்டாக்கி, அதில் ஒரு சிறு துளை மட்டும் விடுங்கள். துளைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். உள்ளே சுவரில், ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்ப்பக்கத்தில் ஓர் ஒளிப்பொட்டு விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். மறைப்பை எடுத்தால் மீண்டும் வரும். எல்லா விளக்குகளின் ஒளியும் அதே சிறு துளை வழியாகத்தான் வந்தது. ஆனாலும் ஒன்றோடொன்று கலந்து குழம்பவில்லை.

சூரிய கிரகணத்தின்போது இத்தகைய சிறு துளை வழியாக வரும் ஒளி சுவரில் பிறை வடிவில் விழுவதைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். துளை எவ்வளவு பெரிதாக இருந்தால் அந்த வடிவம் கலைந்துபோகிறது என்பதையும் அதில் கணக்கிட்டார். இன்று நம் கைபேசியின் கேமராவுக்குள் இருப்பதும் ஓர் இருட்டறையும், ஒளி நுழைய ஒரு சிறு வாசலும்தான்.

பார்வைக்கு எட்டு நிபந்தனைகள்

இனி கீழ்வேளூர்ப் பனிமூட்டத்துக்குத் திரும்புவோம். கண் எப்போது சரியாகப் பார்க்கும் என்பதற்கு இப்னுல் ஹைதம் எட்டு நிபந்தனைகளை வகுத்தார். பொருள் அளவான தூரத்தில் இருக்க வேண்டும். அது கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். அதன் மீது ஒளி இருக்க வேண்டும். அது போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். ஒளி முழுவதும் ஊடுருவிப் போய்விடாதபடி அது அடர்த்தியுள்ளதாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள காற்று தெளிவாக இருக்க வேண்டும். பார்ப்பதற்குப் போதிய நேரம் வேண்டும். கண் நலமாக இருக்க வேண்டும்.

இவற்றில் ஏதேனும் ஒன்று அளவு மீறினாலோ குறைந்தாலோ என்ன தவறு நேரும் என்பதை, உதாரணங்களோடு, மூன்றாம் பாகம் முழுவதும் விளக்கினார். பார்வை எப்படி வெற்றி பெறுகிறது என்று எழுதியவர், அது எப்படித் தோற்கிறது என்பதற்கு ஒரு பாகத்தையே ஒதுக்கினார்.

அவர் இன்னொன்றையும் சொன்னார். கண் ஒளியையும் நிறத்தையும் மட்டும்தான் வாங்கிக்கொள்கிறது. அது மனிதனா, மரமா, பக்கத்தில் உள்ளதா, தூரத்தில் உள்ளதா என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் அறிவு. முன்பு பார்த்தவற்றோடு ஒப்பிட்டு, சில அடையாளங்களை வைத்து, நமக்கே தெரியாத வேகத்தில் அது முடிவெடுத்துவிடுகிறது. அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிவதும் இந்த முடிவில் ஏற்படும் தவறுதான் என்றார்.

இன்றைய கணினிப் பார்வையும் இப்படி இரண்டு பகுதிகளாகத்தான் இயங்குகிறது. ஒளியை வாங்கும் உணர்வான் ஒன்று. முன்பு பார்த்த லட்சக்கணக்கான படங்களிலிருந்து கற்றுக்கொண்டு முடிவு சொல்லும் நிரல் இன்னொன்று. இரண்டில் எது தவறினாலும் பார்வை தவறும்.

நிபந்தனைகளை மீறப் பார்க்கும் பொருட்கள்

பொறியாளர்கள் இன்று செய்வதை ஒரு வரியில் சொன்னால், அந்த எட்டு நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தப் பார்க்கிறார்கள்.

ஒளியை எடுத்துக்கொள்வோம். கைபேசிக் கேமராவில் இருப்பது சிலிக்கன். ஒளி பட்டால் அதில் மின்னணுக்கள் விடுபடும், அதுவே படமாகிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும், அதற்குச் சற்று அப்பால் உள்ள அகச்சிவப்பையும் மட்டும்தான் சிலிக்கன் உணரும். அதற்கும் அப்பால் பார்க்க இண்டியம், கேலியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த பொருள் வேண்டும். அது விலை அதிகம்.

ஒளியே இல்லாத இருட்டில் என்ன செய்வது? மனித உடலும் மாடும் வண்டியின் இன்ஜினும் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கின்றன. அந்த வெப்பக் கதிர் பட்டதும் வனேடியம் ஆக்ஸைடு என்ற பொருளின் மெல்லிய படலம் மிக லேசாகச் சூடாகும். அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் இருட்டிலும் படம் கிடைக்கும். இதற்கு முந்தைய வெப்பக் கேமராக்கள் பலவற்றைக் கடும் குளிரில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கே நிறைய மின்சாரம் செலவானது. வனேடியம் ஆக்ஸைடுக்கு அந்தக் குளிரூட்டல் தேவையில்லை. சாதாரணக் கண்ணாடி இந்த வெப்பக் கதிரை மறித்துவிடும் என்பதால் ஜெர்மேனியம் என்ற பொருளில் லென்ஸ் செய்கிறார்கள்.

அடுத்து, நடுவில் உள்ள காற்று. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். அவை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால்தான் முகப்பு விளக்கைக் கூட்டினால் வெள்ளைச் சுவர் போலத் தெரிகிறது. மெல்லிய பனியையும் புகையையும் வெப்பக் கதிர் ஓரளவு கடந்து வரும். அடர்ந்த பனியில் அதுவும் திணறும். அங்கே ரேடார் அலைகளைத் துணைக்கு அழைக்கிறார்கள்.

பிறகு நேரமும் மின்சாரமும். சாதாரணக் கேமரா, எதிரே எதுவும் அசையாவிட்டாலும், வினாடிக்கு 30 படம் என்று எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். நம் விழித்திரை அப்படி இல்லை. மாற்றங்களுக்கு முதலிடம் கொடுத்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மனித மூளை முழுவதும் சுமார் 20 வாட் சக்தியில், ஒரு சிறிய பல்பின் அளவில், இயங்குகிறது. அல்லாஹ்வின் படைப்பில் உள்ள இந்தச் சிக்கனத்தைப் பார்த்து, அமெரிக்காவில் மிஷா மஹோவால்ட், கார்வர் மீட் ஆகியோர் சிலிக்கனில் ஒரு விழித்திரையைச் செய்து, 1991-இல் அதைப் பற்றிப் பொது வாசகர்களுக்கும் எழுதினார்கள். ஒளி மாறிய புள்ளிகள் மட்டும் செய்தி அனுப்பும் இன்றைய கேமராக்கள் அந்த வழியில் வந்தவை. அதனால் அவற்றுக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும்.

எத்தனை பொருட்கள் வந்தாலும் எந்த ஒரு கேமராவாலும் எட்டு நிபந்தனைகளையும் முழுவதுமாக ஒதுக்கிவிட முடியவில்லை. எனவே நல்ல பொறியாளர்கள் தங்கள் கருவி எங்கே தவறும் என்பதையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். ஓட்டுநரில்லா வண்டியையோ ரயில் பாதையைக் காக்கும் கேமராவையோ நம்பி மனித உயிர் இருக்கும்போது, இது எப்போது தோற்கும் என்ற கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். அது மூன்றாம் பாகத்தின் கேள்வி.

பிறை தேடும் மாலை

இதெல்லாம் விஞ்ஞானிகளின் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஷஅபான் 29-ஆம் நாள் மாலையில் மேற்கே பார்த்து நிற்கும் ஒவ்வொருவரும் இந்த எட்டு நிபந்தனைகளுக்குள்தான் நிற்கிறார். பிறை மிக மெல்லியது. அந்தி வெளிச்சம் அதை மறைக்கும். அடிவானத்துக் காற்றில் தூசியும் ஈரமும் இருக்கும். மஃரிபுக்குப் பிறகு அது கீழே இறங்க எடுத்துக்கொள்ளும் நேரமும் குறைவு. பகலில் நட்சத்திரங்கள் வானத்தில் இருந்தும் நமக்குத் தெரியாததற்குக் காரணம் வலுவான ஒளி மெலிந்த ஒளியை மறைப்பதுதான் என்று இப்னுல் ஹைதம் விளக்கியது இதற்கும் பொருந்தும்.

அவர் பிறந்த பஸராவைப் பற்றியே வரலாற்று நூல்களில் ஒரு செய்தி உண்டு. வயது முதிர்ந்த நபித்தோழர் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள் ஒருமுறை பிறை தெரிவதாகச் சொன்னார்கள். உடன் இருந்த யாருக்கும் தெரியவில்லை. கூர்மதிக்குப் பெயர்பெற்ற இயாஸ் பின் முஆவியா, அவர்களின் புருவத்திலிருந்து கண் முன் வளைந்து தொங்கிய ஒரு வெள்ளை முடியை மரியாதையோடு ஒதுக்கிவிட்டு, மீண்டும் பார்க்கச் சொன்னார். பிறகு பிறை தெரியவில்லை. அந்தப் பெரியவரின் வாய்மையை யாரும் சந்தேகிக்கவில்லை. பார்வையை மட்டும் சோதித்தார்கள்.

பிறை பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்கள் சொல்லட்டும். ஆனால் ஒரு சாட்சியின் பார்வையை விசாரிப்பது அவரை அவமதிப்பதாகாது என்ற பண்பை இந்தச் சம்பவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ரமளானிலும் ஊருக்கு ஊர் எழும் கசப்பில் பாதியாவது அதனால் குறையும்.

நாம் அவருக்குச் செய்யும் அநியாயம்

இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 430-ஐ ஒட்டி, கி.பி. 1040 வாக்கில் கெய்ரோவில் வஃபாத்தானார். அவருடைய நூல் 1200-ஐ ஒட்டி லத்தீன் மொழிக்குப் போயிற்று. ரோஜர் பேக்கன் முதலானோர் அதைப் படித்தார்கள். 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது. கிழக்கே பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ அதற்கு விரிவுரை எழுதினார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைக் கொண்டு சோதித்து வானவில்லின் காரணத்தை விளக்கினார். 2015-ஐ சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது யுனெஸ்கோ இப்னுல் ஹைதமைச் சிறப்பித்து நினைவுகூர்ந்தது. நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவருடைய பெயர். இராக்கின் 10,000 தீனார் தாளில் அவருடைய உருவம் அச்சிடப்பட்டது.

கேமராவைக் கண்டுபிடித்தவர் முஸ்லிம் என்று ஒரு படமும் நான்கு வரிகளுமாக வாட்ஸ்அப்பில் நாம் அடிக்கடி அனுப்புகிறோம். அவர் கேமரா செய்யவில்லை. சிறு துளை வழியாக உருவம் விழுவதை அவருக்கு முன்பே சீனர்களும் கிரேக்கர்களும் கவனித்திருந்தார்கள். அவர் எல்லாவற்றிலும் சரியாகவும் இருக்கவில்லை. கண்ணின் லென்ஸ் பகுதிதான் பார்வையை உணர்கிறது என்று கருதினார். உருவம் விழித்திரையில் விழுகிறது என்பதை 1604-இல் கெப்ளர்தான் விளக்கினார். அவருடைய நூல் வழியே வந்த ஒளியியலைப் படித்து, அதில் குறையைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் கெப்ளர். இப்னுல் ஹைதம் விரும்பியிருக்கக்கூடிய மரியாதையும் அதுதான். தாலமியின் மீது தமக்குள்ள ஐயங்களை ஒரு தனி நூலாகவே எழுதியவர் அவர். முன்னோர் சொன்னதை நம்பிவிடாமல் சோதிக்க வேண்டும், சோதிக்கும்போது தன்னையும் சந்தேகிக்க வேண்டும் என்பது அந்த நூலில் அவர் வற்புறுத்திய கருத்து.

சோதிக்காத ஒரு செய்தியை அவர் பெயரிலேயே பரப்புவது அவருக்கு நாம் செய்யும் அநியாயம். அவர் பெயருக்குப் பெருமை சேர்க்க வேறு வழிகள் இருக்கின்றன. வீட்டில் ஓர் அறையை இருட்டாக்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த விளக்குச் சோதனையைச் செய்து பார்க்கலாம். மதரஸாவுக்குப் போகும் பிள்ளைக்கும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் அவர் வாழ்க்கையைச் சொல்லலாம். ஆற்றங்கரையில் நின்று தம் கணக்கு தவறு என்று கண்டுகொண்ட அந்தத் தருணத்தை விட்டுவிடாமல் சொல்ல வேண்டும். மதிப்பெண் குறைந்ததையோ செய்முறைத் தேர்வில் சோதனை தோற்றதையோ மறைக்காமல் வந்து சொல்லும் தைரியம் அந்தக் கதையிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கிடைத்தால் அதுவே பெரிய பயன்.

நாளை நம் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து போன மகளோ மகனோ, பனியிலும் இருட்டிலும் ஒரு சைக்கிள்காரரைக் கண்டு வண்டியை நிறுத்தும் கருவியைச் செய்யக்கூடும். அந்த நல்ல நாளை அல்லாஹ் நமக்குக் காட்டுவானாக. அறிவைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்ட இப்னுல் ஹைதம் அவர்கள் மீது அவன் அருள் புரிவானாக. ஆமீன்.